உயரம், எண்ணிக்கை, சம்மதம்: வானிலிருந்து வனவிலங்கு பார்த்தலின் மூன்று எல்லைகள்

நியூசிலாந்தின் தென்தீவில், கிழக்குக் கரையோரம் இருக்கும் சிற்றூர் கைகோரா. அங்கே கரையிலிருந்து சிறிது தொலைவு போனாலே கடலடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே சரிந்துவிடுகிறது. கைகோரா பள்ளத்தாக்கு எனப்படும் அந்த ஆழ்கடல் பிளவில் இரைக்குப் பஞ்சமில்லை. அதனால், பிற இடங்களில் பெரும்பாலும் நடுக்கடல் வரை போனால்தான் கண்ணில் படும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் இங்கே ஆண்டு முழுவதும் கரையை ஒட்டியே இரைதேடுகின்றன. அவற்றைப் படகில் போய்ப் பார்க்கலாம். சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ ஏறி, அரைமணி நேரம் வானில் வட்டமிட்டும் பார்க்கலாம்.

வானிலிருந்து பார்ப்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஸ்பெர்ம் திமிங்கலம் நாற்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆழத்தில் இருந்துவிட்டு, மூச்சு வாங்கச் சுமார் பத்து நிமிடம் மட்டுமே மேலே மிதக்கும். படகில் இருப்பவருக்குத் தெரிவது முதுகும் மூச்சுநீரும், முழுகும்போது வாலும்தான். விமானத்தில் இருப்பவருக்குத் தலை முதல் வால் வரை முழு உடலும் தெரிகிறது. படகின் உந்துவிசிறி விலங்கின் மேல் மோதும் ஆபத்தும் இதில் இல்லை. ஆகவே, விமானத்தில் பார்ப்பதுதான் விலங்குக்குத் தொல்லை தராத வழி என்று விளம்பரங்கள் சொல்லும்போது நம்பத் தோன்றுகிறது.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. விமானம் விலங்கைத் தொடுவதில்லை. ஆனால் அதன் ஒலியும் நிழலும் தொடுகின்றன. பொறுப்பான பயணம் என்று சுற்றுலா நிறுவனங்கள் பேசும்போது மரம் நடுவதையும் கரிம ஈடுகட்டலையும் முன்னால் வைக்கின்றன. உண்மையான பொறுப்பு வேறு மூன்று கேள்விகளில் இருக்கிறது. எவ்வளவு உயரத்தில் பறக்கிறார்கள்? ஒரு நாளில் எத்தனை முறை பறக்கிறார்கள்? கீழே வாழும் மக்களின் சம்மதம் இருக்கிறதா? மூன்றுக்கும் விடை விமானம் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். விமானியின் நல்ல மனத்தை நம்பி விடக்கூடிய காரியம் அல்ல இது.

உயரத்தின் கணக்கு

நியூசிலாந்தில் கடல் பாலூட்டிகளைக் காட்டிப் பணம் ஈட்ட எவருக்கும் அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தரும் உரிமம் வேண்டும். 1978ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1992இல் வந்த விதிமுறைகளும் இதற்கு அடிப்படை. ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, விமானம் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்குக் கீழே வரக் கூடாது. 600 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் பறந்தால், விலங்குக்கு நேர் மேலே உள்ள புள்ளியிலிருந்து பக்கவாட்டில் 150 மீட்டராவது விலகியிருக்க வேண்டும். விமானத்தின் நிழல் விலங்கின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் விதி சொல்கிறது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே விமானி வட்டமிட வேண்டும் என்பது இதன் நடைமுறைப் பொருள்.

பக்கவாட்டில் விலகச் சொல்வதன் பயன் இயற்பியலில் இருக்கிறது. ஒலி காற்றில் செல்வதைவிட நீரில் நான்கு மடங்குக்கும் மேல் வேகமாகச் செல்கிறது. இந்த வேறுபாட்டால், மேலிருந்து வரும் ஒலி ஏறத்தாழ செங்குத்தாக விழும்போது மட்டுமே நீருக்குள் நுழைகிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 13 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒலியில் பெரும்பகுதி அமைதியான நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். எனவே, விமானத்தின் இரைச்சல் கடலுக்குள் இறங்குவது, கூரையில் தொங்கும் விளக்கு தரையில் வீசும் ஒளிவட்டத்தைப் போல, அதற்கு நேர் கீழே உள்ள ஒரு வட்டத்தில்தான். 150 மீட்டர் உயரத்தில் அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 35 மீட்டர். 600 மீட்டர் உயரத்தில் அது 140 மீட்டரை நெருங்குகிறது. பக்கவாட்டில் 150 மீட்டர் விலகிப் பறக்கும் விமானம், இந்தக் கணக்குப்படி, அந்த வட்டத்துக்குள் திமிங்கலத்தை விடுவதில்லை. அலை மிகுந்த நாளில் நீர்ப்பரப்பு பல கோணங்களில் சாய்வதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக இராது. ஆனாலும் திமிங்கலத்துக்கு நேர் மேலே பறப்பதுதான் மிக மோசமான இடம் என்பது மாறாது.

நாட்டுக்கு நாடு எண்கள் வேறுபடுகின்றன. ஆஸ்திரேலியக் கூட்டாட்சி விதிகளின்படி திமிங்கலத்தைச் சுற்றி 300 மீட்டர் வட்டத்துக்குள் விமானம் 300 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது. ஹெலிகாப்டருக்கு இரண்டு அளவுமே 500 மீட்டர். ஹெலிகாப்டரின் இரைச்சல் வேறு வகை என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகள் 2004இல் ஏற்ற வழிகாட்டுதல், பறவைக் கூட்டங்களுக்கு மேல் சுமார் 610 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது என்கிறது.

அண்டார்க்டிக்கில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பதை மெக்குவாரி தீவின் நிகழ்வு விளக்கும். ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவே உள்ள அந்தத் தீவில், 1990இல் லூசிட்டானியா விரிகுடாவின் கரையில் ஏறத்தாழ 7,000 அரசப் பெங்குவின்கள் செத்துக் கிடந்தன. மிரண்டு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சுத் திணறி அவை மடிந்திருந்தன. தாழப் பறந்த விமானம் ஒன்று அந்தப் பீதியைக் கிளப்பியிருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம்.

அசையாமல் நிற்பது அமைதி அல்ல

விலங்கு ஓடவில்லை, எனவே அதற்குத் தொந்தரவு இல்லை என்று பயணிகளும் விமானிகளும் அடிக்கடி சொல்கிறார்கள். இந்த வாதத்தை உடைத்த ஆய்வு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது. காட்டில் திரியும் கருங்கரடிகளுக்கு இதயத்துடிப்பு அளக்கும் கருவி பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: பெரும்பாலான வேளைகளில் கரடிகள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. ஆனால் இதயத்துடிப்பு எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்புகள் கூடின. கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் வைத்து அளந்திருந்தால், எந்தப் பாதிப்பும் இல்லை என்றே எழுதியிருப்பார்கள்.

பாதிப்பு உணவிலும் தெரிகிறது. கிராண்ட் கேன்யன் பகுதியில் பெருங்கொம்பு ஆடுகளைக் கவனித்த ஆய்வு 1991இல் வெளியானது. குளிர்காலத்தில் ஹெலிகாப்டர்கள் பறந்தபோது ஆடுகளின் மேய்ச்சல் திறன் 43 விழுக்காடு குறைந்தது. அவை ஓடிவிடவில்லை, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததால் வாய்க்குப் போன புல் குறைந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் மலை ஆடுகளைப் பற்றிய இன்னோர் ஆய்வு, ஹெலிகாப்டர் 500 மீட்டருக்குள் வந்தால் ஆடுகள் கடுமையாக மிரள்வதைப் பதிவுசெய்து, இரண்டு கிலோமீட்டர் விலகல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கடலுக்கு 150 மீட்டர் போதுமென்றால் மலைக்கு இரண்டு கிலோமீட்டர். எல்லா விலங்குக்கும் பொதுவான பாதுகாப்பான உயரம் என்று ஒன்று கிடையாது.

கைகோராவிலேயே ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதைக் கவனித்தார்கள். படகோ விமானமோ அருகில் இருக்கும்போது திமிங்கலங்களின் மூச்சு இடைவெளியும், மேலே மிதக்கும் நேரமும், முழுகிய பின் முதல் ஒலித்துடிப்பு எழுப்ப எடுக்கும் நேரமும் சிறிய அளவில் மாறின. ஸ்பெர்ம் திமிங்கலம் ஒலித்துடிப்பு எழுப்பித்தான் இருட்டில் இரையைத் தேடுகிறது என்பதால் கடைசி அளவு முக்கியமானது. மாற்றங்கள் சிறியவை, உயிருக்கு ஊறு தரும் அளவு அல்ல என்றே ஆய்வு முடிந்தது. ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடு வெளிப்பட்டது. அந்தக் கடலிலேயே தங்கியிருக்கும் திமிங்கலங்கள் குறைவாகவும், வழிப்போக்கராக வந்து செல்பவை கூடுதலாகவும் எதிர்வினை காட்டின. தங்கியிருப்பவை பழகிவிட்டன என்று சொல்லலாம். பழகாதவை இடத்தைவிட்டே போய்விட்டதால் எஞ்சியவற்றை மட்டும் நாம் பார்க்கிறோம் என்றும் வாதிடலாம். பழகிவிட்டது என்ற சொல்லைக் கேட்டால் எச்சரிக்கையாக இருக்க இந்த ஐயமே போதுமான காரணம்.

ஒரு விமானத்துக்கும் நூறு விமானத்துக்கும் உள்ள தொலைவு

உயர விதி ஒரு பயணத்தின் தீங்கைக் குறைக்கும். பயணங்கள் பெருகும்போது அது கைகொடுக்காது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் பத்து நிறுவனங்கள் சேர்ந்து, பகலெல்லாம் ஒரு விலங்கின் தலைமேல் இரைச்சலை நிறுத்தாமல் வைத்திருக்க முடியும். நியூசிலாந்து விதி இதற்கும் ஓர் அணை கட்டியிருக்கிறது: ஒரு விலங்கைப் பார்த்தபடி ஏற்கெனவே மூன்று படகுகளோ விமானங்களோ இருந்தால், நான்காவது 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. படகும் விமானமும் ஒரே கணக்கில் சேர்க்கப்படுவதுதான் இதன் சிறப்பு. விலங்குக்கு வருவது ஒரே மொத்தச் சுமை. அது நீரிலிருந்து வந்தாலும் வானிலிருந்து வந்தாலும்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் எடுத்துக்காட்டு. அங்கே எரிமலைத் தேசியப் பூங்காவின் மேல் 2017 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 11,376 சுற்றுலாப் பறப்புகள் நடந்தன. அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களின் மேல் சுற்றுலாப் பறப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2000இலேயே வந்துவிட்டது. ஆயினும் பூங்காவாரியாகத் திட்டம் வகுக்கும் வேலை இருபது ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டு, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்ட பிறகே வேகம் பிடித்தது. ஹவாய்ப் பூங்காவுக்கு வகுத்த திட்டம் ஆண்டுக்கு 1,548 பறப்புகள் என உச்சவரம்பு விதித்தது. ஏழில் ஒரு பங்குக்கும் கீழே. நேனே எனும் அரிய வாத்தினத்தின் அமைதியும், பூங்காவை ஒட்டி வாழ்வோரின் அமைதியும், எரிமலை வாயைத் தங்கள் பெண்தெய்வமான பெலேயின் இருப்பிடமாக வணங்கும் பழங்குடி ஹவாய் மக்களின் வழிபாடும் அந்த முடிவின் காரணங்களில் இடம்பெற்றன.

எத்தனை பறப்புகள் என்பதை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டியதும் அவசியம். 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவு நிலநடுக்கம் கைகோராவைக் குலுக்கியது. கடற்கரை மேலெழுந்தது; கடலடிப் பள்ளத்தாக்கில் மண் சரிந்து, அடியில் வாழும் உயிர்கள் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஓராண்டில் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் முழுக்குகளுக்கு இடையே மேலே தங்கிய நேரம் சுமார் 25 விழுக்காடு கூடியதாக ஆய்வு காட்டியது. இரைதேட அவை அதிகம் பாடுபட்டிருக்கலாம் என்பது அதன் பொருள். விலங்கு ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் ஆண்டில், வழக்கமான பறப்புகளே கூடுதல் சுமையாகிவிடும். மேலே அதிக நேரம் மிதக்கும் திமிங்கலத்தைக் காட்டுவது எளிது என்பதால் வியாபாரத்துக்கு அது நல்ல ஆண்டாகத் தோன்றும் என்பதுதான் சிக்கல்.

கீழே இருப்பவர்களின் சொல்

கைகோராவின் திமிங்கலச் சுற்றுலாவை வளர்த்தெடுத்தவர்கள் வெளியூர் முதலாளிகள் அல்லர். 1980களில் இரயில்வேயில் ஆட்குறைப்பு நடந்து ஊர் வேலையின்றித் தவித்தது. ங்காய் தாஹு இனக்குழுவின் கிளையான காட்டி குரி மாவோரிக் குடும்பங்கள் சில, பில் சாலமன் போன்ற பெரியவர்களின் முன்முயற்சியில், வீடுகளை அடமானம் வைத்து 1987இல் ஒரு படகு நிறுவனத்தைத் தொடங்கின. திமிங்கலம் அவர்களது முன்னோர் கதைகளில் இருப்பது. கரை ஒதுங்கியதை உணவுக்கும் எலும்புக்கும் பயன்படுத்தும் மரபும் அவர்களிடம் இருந்தது. வியாபாரம் தழைத்ததும் போட்டி நிறுவனத்துக்கு உரிமம் தர அரசுத் துறை முற்பட்டது.

விவகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. 1995இல் வந்த தீர்ப்பு நிதானமானது. திமிங்கலம் காட்டும் தொழில் பிரித்தானிய அரசும் மாவோரிகளும் 1840இல் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கை காத்த பழைய உரிமை அல்ல. ஆனால் அந்த உரிமைகளோடு நெருங்கிய தொடர்புடையது. ஆகவே உரிமம் வழங்கும்போது ங்காய் தாஹு மக்களுக்கு நியாயமான முன்னுரிமை தர வேண்டும். முழு ஏகபோகமும் இல்லை, வெறும் ஆலோசனை கேட்பும் போதாது. படகுகளைப் பற்றிய வழக்குதான் இது. ஆனால் படகுக்கும் விமானத்துக்கும் ஒரே உரிமமுறை என்பதால் அதன் தர்க்கம் வானத்துக்கும் பொருந்தும். 2014இல் இயற்றப்பட்ட கைகோரா கடல் மேலாண்மைச் சட்டம், உள்ளூர் மக்களும் மாவோரிகளும் மீனவர்களும் ஆண்டுக்கணக்கில் பேசி உருவாக்கிய திட்டத்தின் மேல் எழுந்தது. திமிங்கலச் சரணாலயமும் கடல் காப்பகமும் அதில்தான் வந்தன.

சமூகப் பொறுப்பு என்றால் உள்ளூர்க்காரர் இருவருக்கு ஓட்டுநர் வேலை தருவது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. கைகோரா அனுபவம் அதைவிட ஆழமான இடத்தைக் காட்டுகிறது. உரிமம் யாருக்கு, எத்தனை, எந்த நிபந்தனையில் என்று தீர்மானிக்கும் மேசையில் கீழே வாழ்பவர்கள் அமர்ந்திருக்கிறார்களா என்பதே கேள்வி. இரைச்சல் அவர்கள் கூரைமேல்தான் விழுகிறது. அந்தப் பறப்புகளால் வரும் பணம் எங்கே போகிறது என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

விமானியும் பணமும்

எல்லா விதிகளும் கடைசியில் ஒருவர் கையில் வந்து நிற்கின்றன. பயணி கட்டணம் கொடுத்திருக்கிறார். கைபேசியில் படம் சின்னதாக விழுகிறது. இன்னும் கொஞ்சம் கீழே போகலாமே என்கிறார். பார்க்க முடியாவிட்டால் கட்டணத்தின் பெரும்பகுதி திரும்பத் தரப்படும் என்ற உறுதிமொழி சுற்றுலாவில் பரவலாக உண்டு. கைகோராவின் மாவோரிப் படகு நிறுவனமே 80 விழுக்காடு திருப்பித் தருகிறது. பயணிக்கு அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அந்த இழப்பை ஊழியரின் சம்பளத்திலோ ஊக்கத்தொகையிலோ ஏற்றும் நிறுவனத்தில், விலங்கைத் துரத்தும் தூண்டுதல் விமானியின் சட்டைப்பைக்குள் நுழைந்துவிடும். இழப்பை நிறுவனமே சுமந்தால்தான் விமானியால் 'முடியாது' என்று சொல்ல இயலும்.

தாழப் பறக்க மறுப்பது பயணியின் உயிருக்கும் நல்லது. அலாஸ்காவில் மூஸ் மான்களைப் பார்க்கத் தாழ்வாக, மெதுவாக, சரிந்து வட்டமிட்ட விமானங்கள் தூக்குவிசை இழந்து விழுந்த விபத்துகளுக்கு விமானிகள் மத்தியில் அந்த மானின் பெயரையே வைத்துவிட்டார்கள். கண் விலங்கின்மேல் இருக்கிறது, வேகம் குறைகிறது, சரிவு கூடுகிறது. மீள்வதற்கு உயரம் இல்லை. விலங்குக்குத் தரும் இடைவெளிதான் இங்கே பயணியின் உயிருக்கும் காப்பு.

கரிமக் கணக்கு இதற்குப் பிறகுதான் வர வேண்டும். செஸ்னா 206 போன்ற ஆறு இருக்கை விமானம் மணிக்கு ஏறத்தாழ 55 முதல் 60 லிட்டர் பெட்ரோல் எரிக்கும். அரைமணிப் பறப்பில் சுமார் 60 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஐந்து பயணிகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 12 கிலோ. ஏறத்தாழ அதே எரிபொருளைக் குடித்து மூவரை மட்டும் ஏற்றும் சிறு ஹெலிகாப்டரில் தலைக்கு 20 கிலோ. நியூசிலாந்துக்கு வந்துசேரப் பயணி எடுத்த நெடுந்தூர விமானத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆகவே இருக்கைகள் நிரம்பாமல் கிளம்புவதில்லை என்ற எளிய விதி, பகட்டான ஈடுகட்டல் சான்றிதழைவிடப் பயன் தரும். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஈயம். சிறு விமானங்கள் பரவலாகப் பயன்படுத்தும் 100எல்எல் பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். அது பொதுமக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முறையாக அறிவித்தது. 2030க்குள் ஈயமற்ற எரிபொருளுக்கு மாறுவது அந்நாட்டின் இலக்கு. விமானத்தளத்தை ஒட்டி வாழும் குழந்தைகளுக்கு இந்தத் தேதி பொருட்படுத்த வேண்டிய ஒன்று.

நம் பக்கத்தில்

இலங்கையின் தென்கரையில், நீலத் திமிங்கலங்களைத் தேடிப் படகுகள் மொய்க்கும் மிரிஸ்ஸ கடற்பகுதியில், சிறு விமானத்தில் ஏறிப் பார்க்கும் சுற்றுலாவும் விற்கப்படுகிறது. இந்தியாவில் கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயத்தின் மேல் பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்கள் 600 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும், அது மீறப்படுவதாக எழுந்த புகார்களும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயின. கஸ்தூரி மான் வாழும் மலை அது. உயரத்தைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஒவ்வொரு பறப்பின் தடத்தையும் உயரத்தையும் பதிவுசெய்து, அந்தப் பதிவை யாரும் கேட்டுப் பார்க்கும் நிலை இல்லாத வரை எழுதிய எண்ணுக்கு உயிர் இல்லை. செயற்கைக்கோள் தடம்காட்டிகள் மலிந்துவிட்ட காலத்தில் அதைச் செய்யாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது.

இப்படியொரு பயணத்துக்குச் சீட்டு வாங்க நினைப்பவர் பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் சில கேள்விகள் கேட்கலாம். உங்கள் உரிமத்தை வழங்கியது யார்? எத்தனை மீட்டருக்குக் கீழே இறங்க மாட்டீர்கள், அதற்குப் பதிவு இருக்கிறதா? ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை பறப்புகள்? விலங்கு தென்படாவிட்டால் இழப்பை ஏற்பது நிறுவனமா, விமானியா? இங்கே வாழும் மக்களுக்கு உங்கள் உரிமத்தில் சொல் இருக்கிறதா? எண்ணோடு பதில் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். நாங்கள் இயற்கையை நேசிக்கிறோம் என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தின் சீட்டை வாங்காதீர்கள்.